நின்றுகொண்டே குடித்த காப்பி

பாலெட் ஹுடாக் யாரையாவது முதன்முறை பார்த்தால் முகத்துக்கு முன் காலைத்தான் பார்ப்பாள். பிட்ஸ்பர்க் நகர மையத்தில் முன்பு இருந்த ஒரு பெரிய அங்காடியின் செருப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம் அது. "எட்டரை, கொஞ்சம் அகலப் பாதம்" என்று மனதுக்குள் குறித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து சிரிப்பாள். அந்த அங்காடி மூடப்பட்டது. நாலு வருடம் ஒரு ரொட்டிக்கடையில் இருந்தாள். அதையும் முதலாளி விற்றுவிட்டுப் போனார். ஐம்பத்து நாலாம் வயதில், அதே நகரில் எங்கள் பகுதியான ப்ரூக்லைனின் கடைத்தெருவில் டார்ன்லி காப்பியின் கிளை திறந்தபோது, பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் வரிசையில் நின்று மனுக்கொடுத்து வேலை வாங்கினாள்.

கடைக்கு நேர் எதிரே இருக்கும் கிளை நூலகத்தில்தான் எனக்கு வேலை. நூலகத்தைத் திறப்பதற்கு முன் அங்கே ஒரு காப்பி குடிப்பது எனக்கு வழக்கமாகிப்போனதால், அவளைக் கிட்டத்தட்ட பதினோரு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். குள்ளமான உருவம். நரைத்த முடியைக் கழுத்துக்கு மேல் வெட்டியிருப்பாள். எல்லோரும் அவளுக்குக் "கண்ணு"தான். தபால்காரரும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு. ஒருமுறை கடைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில் அவர் காது சிவந்துபோனது எனக்குத் தெரியும்.

கணவன் ஆண்டி வெகுகாலத்துக்கு முன்பே புளோரிடாவுக்குப் போய்விட்டான், வேறொருத்தியோடு. மகள் டோனாவை ஒற்றையாக வளர்த்து, படிக்கவைத்து, அரிசோனாவுக்குக் கட்டிக்கொடுத்தாள். மலைச்சரிவில் இருக்கும் அவள் வீட்டுக்குத் தெருவிலிருந்து முப்பத்தொரு படி ஏற வேண்டும். "என் வீட்டுக்கு வர்றவங்க யாருமே பொய்யா சிரிக்க மாட்டாங்க, அதுக்கு மூச்சு இருக்காது" என்பாள்.

காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும். திறந்த ஐந்தாவது நிமிடம் வெர்னன் பெட்டிஃபோர்ட் உள்ளே வருவார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்து மூன்று வயது, நெடுநெடுவென்று உயரம். மனைவி லொரெட்டா இறந்த பிறகு வீட்டில் காப்பி போடுவதை விட்டுவிட்டார். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, அதைப் படிக்காமல் பாலெட்டிடம் பேசிக்கொண்டிருப்பார். அவர்களுடைய பேச்சில் பாதி கிண்டல்தான்.

"நான் முப்பது வருஷம் உட்கார்ந்தே சம்பாதிச்சவன். நீ நின்னுக்கிட்டே சம்பாதிக்கிறவ" என்று ஒருநாள் சொன்னார். "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்."

"தேறும். ஆனா மேல் பாதி யாருன்னு சண்டை வரும்" என்றாள் அவள், பாலை நுரைத்தபடியே.

டார்ன்லியில் ஒரு விதி இருந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் ஊழியர் யாரும் உட்காரக் கூடாது. கடையில் ஆளே இல்லாவிட்டாலும் கூடாது. நின்றால்தான் சுறுசுறுப்பாகத் தெரியுமாம். இந்த விதி எனக்கு வெகுநாள் வரை தெரியாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலிகூட இல்லை என்பதை நாங்கள் யாருமே கவனித்ததில்லை. எங்களுக்கு உட்கார இடம் இருந்தது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அறுபத்தொன்றாம் வயதில் பாலெட்டின் இடது காலில் ரத்தக்குழாய் புடைத்துக்கொண்டது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, பிறகு வெடித்துப் புண்ணாகி, ஆறாமல் நின்றது. மணிக்குப் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும், காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கிளை மேலாளர் கிரெக் அந்தக் கடிதத்தை மேலே அனுப்பினான். ஐந்து வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து மிகவும் மரியாதையான ஒரு பதில் வந்தது. அவளுக்குப் பின்னறையில் உட்கார்ந்து செய்யும் வேலை தரப்படும். சரக்கைச் சரிபார்ப்பது, பட்டியல் எழுதுவது. ஆனால் அந்த வேலை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் இருக்கும். இருபது மணி நேரத்துக்குக் குறைந்தால் கம்பெனியின் மருத்துவக் காப்பீடு கிடையாது.

அதாவது காலைக் காப்பாற்ற வேலையைக் குறைக்க வேண்டும். வேலையைக் குறைத்தால் காலை மருத்துவரிடம் காட்ட வழியில்லை. பாலெட் கடிதத்தை நாலாக மடித்து கடைச் சீருடை மேலங்கியின் பையில் போட்டுக்கொண்டு, போய்க் கல்லாவில் நின்றாள். தடிமனான காலுறை போட ஆரம்பித்தாள். அவளோடு காலை முறையில் வேலை செய்த மரிசோலுக்கு மட்டும் விஷயம் தெரியும். மரிசோல் முப்பது வயதுப் பெண், அந்த ஷிப்டுக்குத் தலைவி, அதிகம் பேசமாட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் பாலெட் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, கீழே விழுந்த ஒரு மூடியை எடுக்கப் பாலெட் குனிந்தபோது, காலுறையில் ஈரமாகச் சிவப்பு ஊறியிருந்ததை வெர்னன் பார்த்துவிட்டார். என்ன அது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். மறுபடி கேட்டார். "காப்பி குடிக்க வந்தியா, காலைப் பார்க்க வந்தியா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. இன்னொரு காப்பி கேட்கும் சாக்கில் மரிசோலிடம் போய் நின்றார். மரிசோல் சத்தியத்தை மீறினாள். நின்ற இடத்திலேயே, மெல்லிய குரலில், கடிதம் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

அன்று முழுக்க வெர்னன், குவளையில் அச்சிட்டிருந்த எண்ணுக்குத் தொலைபேசி அடித்திருக்கிறார். இயந்திரக் குரல் ஒன்று அவருடைய காப்பி அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

மறுநாள் அவர் ஒரு நாற்காலியோடு வந்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பனி கொட்டினால், தெருவோரத்தைத் தோண்டிக் காருக்கு இடம் பண்ணியவர் வெளியே போகும்போது அந்த இடத்தில் ஒரு பழைய சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்வரை அந்த இடம் அவருடையது. சட்டத்தில் இதெல்லாம் இல்லை. ஆனால் அந்த நாற்காலியை நகர்த்தியவன் இந்த ஊரில் அதற்குப்பின் தலைநிமிர்ந்து நடந்ததாகச் சரித்திரம் இல்லை. வெர்னன் கொண்டுவந்தது அப்படித் தன் வீட்டு வாசலில் பல பனிக்காலம் இடம் பிடித்த நாற்காலி. குரோமியக் கால், மஞ்சள் இருக்கை, இருக்கையில் ஒட்டுப்போட்ட கிழிசல். நேராகக் கல்லாவுக்குப் பின்னால் போய், பாலெட் நிற்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு வந்து தன் மேஜையில் உட்கார்ந்தார்.

கிரெக் உள்ளேயிருந்து வந்தான். அவனும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். நாற்காலியைப் பார்த்தான். கையை நீட்டினான். கை பாதி வழியில் நின்றது. எங்களைப் பார்த்தான், மறுபடி நாற்காலியைப் பார்த்தான், கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

ஆனால் பாலெட் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. நாற்காலியை அவளே தூக்கினாள். கதவை முதுகால் தள்ளித் திறந்து, வெளியே நடைபாதையில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து வெர்னனின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"என்னைக் கேட்டியா வெர்னன்?" என்றாள். "ஒரு வார்த்தை கேட்டியா? இத்தனை பேர் முன்னாடி என்னை நொண்டின்னு காட்டணுமா?"

  அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நாற்காலியைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அவர் வரவில்லை. நாற்காலி நடைபாதையிலேயே இருந்தது. அதன்மேல் பனி நாலு விரல் உயரத்துக்கு ஏறியது. போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தரை மணிக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் பாலெட் நிமிர்ந்து பார்ப்பதை மரிசோல் கவனித்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் முறை முடிந்ததும் பாலெட் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள், நாற்காலியின் பனியைத் தட்டினாள், அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெர்னனின் வீட்டுக்கு நடந்தாள். நாலு தெரு தள்ளி, இறக்கத்தில். அந்தக் காலோடு.

அங்கே நடந்ததைப் பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொன்னார்கள், யார் முதலில் மன்னிப்புக் கேட்டது என்பதில் மட்டும் வித்தியாசம். வெர்னன் அவளைச் சமையலறையில் உட்காரவைத்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. டப்பாவிலிருந்து சூப்பைக் கொட்டிச் சூடாக்கினார்.

"லொரெட்டா பள்ளிக்கூட உணவுக்கூடத்துல பத்தொன்பது வருஷம் நின்னா" என்றார், அடுப்பைப் பார்த்தபடி. "சாயங்காலம் வந்து காலை வெந்நீர்ல விட்டுக்கிட்டு உட்காருவா. நானும் எதிர்ல உட்கார்ந்து டிவியில பந்தயம் பார்ப்பேன். வலிக்குதான்னு ஒரு நாள்கூட கேட்டதில்ல. கேட்டிருக்கலாம். கேக்கல."

பாலெட் காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "நாற்காலி நல்லா இருக்கு. ஆனா அது எனக்கு வேணாம்" என்றாள். "எனக்கு மட்டும்னா வேணாம். அங்க எட்டு பேர் நிக்கிறோம், வெர்னன். எல்லாருக்கும் கால் இருக்கு."

அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

தலைமையகத்துக்கு ஒரு கடிதம் மரிசோல் எழுதினாள். ஒரு பக்கம்தான். கல்லாவிலும், ஆர்டர் வாங்கும் இடத்திலும், காப்பி போடும் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒவ்வொரு உயர முக்காலி வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விதியை மாற்ற வேண்டும். அதற்காக யாருடைய வேலை நேரமும் குறைக்கப்படக் கூடாது. எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டாம் என்று கிரெக் சொல்லவில்லை. போட்டதைப் பார்க்காத மாதிரி இருந்தான், அதுவே அவனால் முடிந்த உதவி. நகரத்தில் டார்ன்லிக்கு இன்னும் பத்துக் கடைகள் இருந்தன. அவற்றில் ஆறு கடை ஊழியர்களும் அதே கடிதத்தில் தங்கள் பெயரைச் சேர்த்தார்கள். தலைமையகத்திலிருந்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்; வெள்ளியன்று இறைச்சி கிடையாது, மீன்தான். வெள்ளிக்கிழமை தோறும் தேவாலயக் கூடத்தில் பொரித்த மீன் விருந்து நடக்கும். ஊரே வரும், மதம் பார்க்காமல். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகமாகி, மேஜைகள் நிரம்பி, நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் காகிதத் தட்டோடு நின்றே சாப்பிட்டோம். வெர்னன், நான், சலவைக்கடை வைத்திருக்கும் தம்பதி, ஐரீன் டொம்ப்ராஸ்கி. ஐரீனுக்கு எண்பத்தொரு வயது, கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டாள். வெர்னன் கடிதத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்கே இனிப் போகக் கூடாது என்றார் சலவைக்காரர். அப்படிச் செய்தால் கடையை மூடுவார்கள், பாலெட்டுக்கு இருக்கிற வேலையும் போகும் என்றேன் நான். கொஞ்ச நேரம் எல்லோரும் மென்றுகொண்டிருந்தோம்.

"போவோம்" என்றாள் ஐரீன். "போயி காப்பி வாங்குவோம். இதோ இப்படி நின்னுக்கிட்டே குடிப்போம். அவ உட்கார்ற வரைக்கும் நாமளும் உட்கார வேணாம்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டார்ன்லி காப்பியில் இருபத்தாறு பேர் நின்றுகொண்டு காப்பி குடித்தார்கள். மேஜைகள் எல்லாம் காலி. நாற்காலிகள் எல்லாம் காலி. சுவரோரமாக, ஜன்னலோரமாக, கழிவறைப் பக்கம் போகும் வழியில்கூட ஆட்கள். யாரும் கோஷம் போடவில்லை. அட்டை பிடிக்கவில்லை. யாராவது உட்கார வந்தால் பக்கத்தில் நிற்பவர் விஷயத்தைச் சொல்வார். பெரும்பாலானவர்கள் தாங்களும் நின்றார்கள். சிலர் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. கிரெக் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். வாடிக்கையாளர் நிற்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

பாலெட்டிடம் இந்த முறை முன்கூட்டியே கேட்டிருந்தார் வெர்னன். சரி என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. ஐரீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையில் குவளையோடு லேசாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஐரீன், கண்ணு, நீ விழுந்து வச்சா நாந்தான் தரையைத் துடைக்கணும். உட்காரு."

"நீ உட்காரு, நான் உட்கார்றேன்."

"எனக்கு வேலை போயிரும்."

"அப்போ நானும் நிக்கிறேன்" என்றாள் ஐரீன், சாதாரணமாக. "சீக்கிரம் போ, வரிசை நீளுது."

பாலெட் திரும்பிப் போனாள். இயந்திரத்துக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தேவைக்கு மேல் வெகுநேரம் பாலை நுரைத்தாள். அன்று என் காப்பியில் நுரை வழிந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

முதல் ஆறு வாரம் இப்படியே நின்றோம். நான் தினமும் அரை மணி நேரம் நின்றேன், அதற்கே மாலையில் கெண்டைக்கால் இழுத்தது. இவர்கள் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் என் உடம்புக்கு விளங்கியது. ஐரீனுக்குக் காலம் செல்லச்செல்ல முடியவில்லை; வெர்னன் அவளுக்குப் பக்கத்தில் நின்று முழங்கையைக் கொடுப்பார். மற்ற கடைகளிலும் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கடையில் மாணவர்கள் மடிக்கணினியைச் சுவரில் அண்டக்கொடுத்து நின்றபடியே பாடம் எழுதினார்களாம். உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. படத்தில் காலி நாற்காலிகள்தான் நிறைய.

ஏப்ரல் நடுவில் ஓஹையோவிலிருந்து வட்டார மேலாளர் மிஸஸ் ஹாலோவே வந்தார். ஐம்பது வயதிருக்கும், நேர்த்தியான உடை, களைத்த முகம். உள்ளே நுழைந்து, நிற்கிறவர்களையும் காலி நாற்காலிகளையும் ஒரு நிமிடம் பார்த்தார். கோபக்காரர் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, அவர் ஒரு மேஜையின் விளிம்பைத் தொட்டுவிட்டு உட்காராமல் கையை எடுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. பாலெட்டைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். பாலெட் போகவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, இங்கேயே பேசலாம் என்றாள்.

மிஸஸ் ஹாலோவே குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். கடை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவளுடைய விஷயத்தைக் கையாண்ட விதம் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். நாளையிலிருந்தே அவளுக்கு ஒரு முக்காலி, தனி அனுமதியோடு. வேலை நேரம் குறையாது. காப்பீடும் தொடரும்.

"மத்தவங்களுக்கு?" என்று கேட்டாள் பாலெட்.

"அது விதி. என் கையில இல்லை. உங்களுக்கு மருத்துவர் கடிதம் இருக்கு, அதனால உங்களுக்குச் செய்ய முடியும்."

பாலெட் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதிர்பார்த்ததை விடப் பெரிய விஷயம் அது. கால் அன்று எப்படி வலித்தது என்று அவளுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டால், ஒரு குவளை நிறைகிற நேரம் என்பேன்.

"அப்போ கால் அழுகினாத்தான் நாற்காலி, இல்லையா?" என்றாள். குரலில் சூடு இல்லை. "எனக்கு மட்டும்னா வேணாம், மேடம். நான் ஒசரமா உட்கார்ந்துக்கிட்டு இந்தப் பிள்ளைங்க நிக்கறதைப் பார்க்கவா?"

அப்போது மரிசோல் இயந்திரத்தை நிறுத்தினாள். அதுவரை கடையில் அந்த ஒரு சத்தம்தான் இருந்தது.

"நான் அஞ்சு மாசம்" என்றாள். மேலங்கியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்காட்டினாள். "பாலெட்டுக்கு மட்டுந்தான் தெரியும். சொன்னா நேரத்தைக் குறைச்சிருவாங்கன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. எனக்கும் கடிதம் எழுதி அஞ்சு வாரம் காத்திருக்கணுமா?"

கிரெக் தலையைக் குனிந்துகொண்டான்.  மிஸஸ் ஹாலோவே கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பாலெட் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் செருப்பு உங்களுக்கு அரை அளவு சின்னது கண்ணு" என்றாள். "நாள் பூரா நிக்கிறீங்கன்னா இது சரிப்படாது. என்ன காப்பி போடட்டும்?"

மிஸஸ் ஹாலோவே சிரித்துவிட்டார். சிரித்ததும் அவர் முகமே மாறிப்போனது. காப்பி வாங்கினார், எங்களைப் போலவே நின்று குடித்தார், போகும்போது தன்னால் எதையும் வாக்களிக்க முடியாது, ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன் என்றார். எழுதினார் என்றுதான் நம்புகிறோம்.

மே மாதம் பாலெட்டின் புண் மோசமாகி, பதினெட்டு நாள் அவள் வரவில்லை. அந்த நாட்களில் மரிசோல் கல்லாவில் நின்றாள், நாங்கள் சுவரோரம் நின்றோம். வெர்னன் தினமும் காலை இரண்டு காப்பி வாங்கி, ஒன்றை நின்று குடித்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அந்த முப்பத்தொரு படியையும் ஏறுவார். மேலே போவதற்குள் ஆறிவிடும். அவளுடைய சமையலறையில் அதைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு நாளிதழில் வந்த மரண அறிவிப்புகளைப் படித்துக்காட்டுவார். இரண்டு பேருக்கும் தெரிந்தவர்கள் அதில்தான் அதிகம் என்பார்கள். அரிசோனாவிலிருந்து டோனா வந்து ஒரு வாரம் இருந்தாள். வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அங்கே படியே கிடையாது என்றாள். பாலெட் யோசிப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள். யோசிக்கவும் செய்தாள். நடுவில் ஒரு நாள், போய்விடலாம் போலிருக்கிறது என்று என்னிடமே சொன்னாள், காலைத் தலையணைமேல் நீட்டியபடி. "இந்தச் சண்டையெல்லாம் எனக்கு வயசான காலத்துல எதுக்கு?" நான் கொண்டுபோன புத்தகத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம் விதி மாறியது. நாங்கள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. கல்லாவுக்கும் ஆர்டர் இடத்துக்கும் முக்காலி வரும். காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் பாதுகாப்புக் காரணத்துக்காக வராது. வரிசையில் ஆள் இல்லாதபோது உட்காரலாம். கடிதம் தேவையில்லை. வேலை நேரம் குறையாது. இது எங்கள் ஊருக்கு மட்டுமல்லாமல், டார்ன்லியின் எல்லாக் கடைகளுக்கும் என்று அறிவித்தார்கள். எதனால் மாற்றுகிறோம் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஊழியர் நலனில் கம்பெனிக்கு என்றுமே இருந்துவரும் அக்கறை என்று ஏதோ எழுதியிருந்தார்கள். மரிசோல் அதை உரக்கப் படித்தபோது சலவைக்காரர் காப்பியைத் துப்பிவிட்டார்.

முக்காலிகள் பெட்டியில் துண்டு துண்டாக வந்தன. கிரெக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவற்றைப் பொருத்தினான். நாலு திருகாணி குறைந்தது. வெர்னன் வீட்டுக்குப் போய், ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையத் திருகாணி கொண்டுவந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் முக்காலியில் யார் உட்காருவது என்று ஒரு கூச்சம் வந்துவிட்டது அந்த எட்டுப் பேருக்கும். மரிசோலுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் அவளைக் கைகாட்டினார்கள், அவள் பாலெட்டைக் கைகாட்டினாள், பாலெட் எனக்குக் கைவேலை இருக்கிறது என்றாள். கடைசியில் ஐரீன்தான் கைத்தடியால் தரையைத் தட்டி, மூன்று மாதமாக நிற்கிறேன், யாராவது உட்கார்ந்து தொலையுங்கள், நான் உட்கார வேண்டும் என்றாள். பாலெட் உட்கார்ந்தாள். எங்களைப் பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாதவள் போல இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது கடை முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.  எல்லோரும் உட்கார்ந்தோம்.

மரிசோலுக்கு ஆகஸ்டில் பையன் பிறந்தான். பாலெட்டுக்கு அந்த இலையுதிர் காலத்தில் காலில் சிறிய அறுவை சிகிச்சை நடந்தது, புண் மெல்ல ஆறியது, தழும்பு மட்டும் நின்றது. அதற்குப் பிறகும் மூன்று வருடம் அதே கல்லாவில் இருந்தாள். ஐரீன் இப்போது இல்லை. இறுதிச் சடங்குக்கு டார்ன்லியின் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள், கிரெக் கடையை ஒரு மணி நேரம் மூடினான், யாரிடமும் கேட்காமல்.

அரிசோனாவுக்குப் பாலெட் போகவில்லை. டோனா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்கிறாள். வெர்னனோடு அவளுக்கு என்ன உறவு என்று கடைத்தெருவில் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். நானும் ஒருமுறை நேரடியாகவே கேட்டுவிட்டேன். "அவன் சூப் நல்லா சூடாக்குவான்" என்றாள், அவ்வளவுதான்.

போன செப்டம்பரில் ஓய்வுபெற்றாள். வியாழக்கிழமைகளில் அவளும் வெர்னனும் கடைக்கு வருகிறார்கள், ஏழு மணிக்கு மேல், அவசரமில்லாமல். இப்போது கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கு அவளை அவ்வளவாகத் தெரியாது. பெயரைக் கேட்டுத்தான் குவளையில் எழுதுகிறாள். பாலெட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு வாரமும் எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள். குடித்து முடித்து எழுந்ததும், கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைக்கிறாள். வெர்னன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் நாலு மூலையையும் துடைத்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்.